எக்ஸ்ரே தூக்கலா இருக்கிற காமா வெடிப்புக்கு ஹப்பிள் எதுக்கு?

மடிவாளா_மச்சான்:
பெங்களூர் பிளானட்டேரியத்துல ஒரு பேச்சு கேட்டேன். 2002 செப்டம்பர் 3 அன்னிக்கு ஹெட்டி-2 சாட்டிலைட் புடிச்ச காமா வெடிப்பு (விண்வெளில திடீர்னு காமா கதிர் பளிச்சுன்னு அடிக்கிறது), அதுல காமா ரொம்ப கம்மி எக்ஸ்ரேதான் அதிகம்னாங்க, அப்புறம் ஹப்பிளையும் அந்தப் பக்கம் திருப்பினாங்களாம். அது காமாவையே பாக்காதே?

ராகிமுத்தை:
ஹப்பிள் பாக்குறது வெடிப்பை இல்ல ப்ரோ, அதுக்கப்புறம் மிஞ்சுற மங்கலான ஒளியை. தரையில இருந்து எடுத்தா அந்த ஒளியும் அது இருக்கிற கேலக்ஸியும் கலந்து ஒரே திட்டா தெரியும், ஹப்பிள் ரெண்டையும் பிரிச்சு காட்டும், சில வாரம் கழிச்சு அதே இடத்தை திரும்ப எடுத்தா சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரம் வெடிச்சு சாகுற ஒளி, தலைகாட்டுதான்னும் தெரிஞ்சிரும். இதுக்கு அப்படித்தான் தடயம் கிடைச்சுது.

பிடிஎம்_அண்ணாச்சி:
காமா ஏன் கம்மின்னுதான் சண்டையே. ஒரு கட்சி, ஜெட் (வெடிப்புல இருந்து ஒரே திசையில பீய்ச்சி அடிக்கிற பொருள்) நம்மளை நேரா பாக்கலங்குது, சில்க் போர்டு ஜங்ஷன்ல பக்கவாட்டுல திரும்புற லாரி ஹெட்லைட் மாதிரி. இன்னொரு கட்சி, ஜெட்ல பொருள் நிறைய கலந்து வேகம் செத்துப்போச்சுங்குது. தூரம்தான் காரணம்னு மட்டும் யாரும் வராதீங்க, ரெட்ஷிஃப்ட் (தூரம் கூடக் கூட ஏறுற அளவு) வெறும் 0.25, இந்த மாதிரி வெடிப்புக்கு அது பக்கம்தான்.

மடிவாளா_மச்சான்:
சரிண்ணாச்சி, நம்ம இந்தியாவோட விண்வெளி டெலஸ்கோப் ஆஸ்ட்ரோசாட் இதையெல்லாம் புடிக்குமா?

ராகிமுத்தை:
2015ல ஏவினது, காமா வெடிப்பு நிறைய புடிச்சிருக்கு, ஆனா பெரும்பாலும் எனர்ஜி ஜாஸ்தியான கேஸ்தான். இந்த மாதிரி சாஃப்ட், அதாவது எனர்ஜி கம்மியான ஐட்டத்துக்கு 2024 ஜனவரில சீனா விட்ட எக்ஸ்ரே சாட்டிலைட் ஐன்ஸ்டீன் ப்ரோப்தான் தோது, 0.5ல இருந்து 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜி வரைக்கும் வானத்துல பெரிய பரப்பை ஒரே நேரத்துல பாக்கும்.