தொழிற்சாலைகள் வந்தன, உள்ளூர் நிறுவனங்கள் ஏன் வளரவில்லை? வியட்நாமும் அதே வழியில்தான் செல்கிறதா?

நெடுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் பொருளாதார வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். எந்த நாட்டிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

1986 டிசம்பரில் கூடிய ஆறாவது கட்சி மாநாட்டில் 'தோய் மோய்' எனப்படும் சீர்திருத்தத்தை வியட்நாம் ஏற்றபோது, தன் மக்களுக்குப் போதுமான அரிசியைக்கூட அதனால் விளைவிக்க இயலவில்லை. கூட்டுப்பண்ணை முறையைத் தளர்த்தி, நிலத்தை உழவர் குடும்பங்களின் பொறுப்பில் விட்ட பிறகு, 1989-இலேயே அது அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியது. 1995-இல் ஆசியானில் சேர்ந்தது. 2007-இல் உலக வணிக அமைப்பில் உறுப்பினரானது. அதன் பின்னர் பாக் நின், தாய் நுயென் மாகாணங்களில் சாம்சங் நிறுவனம் எழுப்பிய ஆலைகளிலிருந்து, உலகெங்கும் விற்கப்படும் அந்நிறுவனக் கைப்பேசிகளில் ஏறத்தாழப் பாதி வெளிவரும் நிலை உருவானது. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை கோடி மக்களை வறுமையிலிருந்து மீட்ட நாடுகள் மிகச் சிலவே.

ஆனால் அந்நாட்டின் ஏற்றுமதியில் சுமார் 70 விழுக்காட்டை அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்களே செய்கின்றன என்பதைப் படித்தபோது மனம் உறுத்தியது. மலேசியாவும் தாய்லாந்தும் இதே பாதையில் முன்னரே நடந்த நாடுகள். 2020-க்குள் வளர்ந்த நாடாக வேண்டும் என்ற இலக்கை 1991-இல் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் அறிவித்தார். அந்த ஆண்டு வந்து போயிற்று. உயர்வருமான நாடு என்பதற்குத் தலைக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 14,000 டாலர் என்று உலக வங்கி வைத்திருக்கும் எல்லைக்கோட்டை மலேசியா நெருங்கி நின்றதே தவிர அப்போது தாண்டவில்லை. தாய்லாந்தோ அதில் பாதி அளவிலேயே நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகள் இயங்கும் இடத்தில், உலகம் அறிந்த உள்ளூர் உற்பத்தி நிறுவனம் ஒன்று ஏன் தோன்றவில்லை? வியட்நாமுக்கும் இதே நிலைதானா? நகர நாடு என்பதால் சிங்கப்பூரை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டுகிறேன்.

துலாக்கோல்

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தையும் தைவானின் சில்லுத் தொழில் நகரான சின்சூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வியின் பெரும்பகுதி தெளிவாகிவிடும் என்று நினைக்கிறேன்.

1969-இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து, வேலையின்மையால் திணறிக்கொண்டிருந்தது. அன்றைய முதலமைச்சர் லிம் சொங் யூவின் முயற்சியால் 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வலயம் திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இன்டெல் நிறுவனம் அந்த ஆண்டிலேயே அங்கு அமைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் போன்றவை அடுத்தடுத்து வந்தன. அன்றைய தேவை வேலை. அந்த வேலை கிடைத்தது. இதைச் சிறிய சாதனை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தைவானும் இந்த மின்னணுத் துறையில் நுழைந்தது. ஆனால் அது 1973-இல் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அரசுச் செலவில் தொடங்கியது. 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடமிருந்து மின்னணுச் சில்லுத் தயாரிப்பு நுட்பத்தை விலைகொடுத்து வாங்கியது. அதைக் கற்றுவர இளம் பொறியாளர்களை அங்கு அனுப்பியது. அப்படிக் கற்றவர்களும் அந்த ஆராய்ச்சி நிறுவனமும் அடித்தளமாக அமைந்ததால்தான் 1980-இல் யூஎம்சியும் 1987-இல் டிஎஸ்எம்சியும் ஆகிய சில்லுத் தயாரிப்பு நிறுவனங்கள் பிறந்தன. பினாங்கு தொழிற்சாலையை வரவேற்றது. தைவான் கற்றலை விலைகொடுத்து வாங்கியது. மலேசியா இன்று உலகின் சில்லுகளைப் பொருத்துதல், சோதித்தல், உறையிடுதல் ஆகிய பணிகளில் சுமார் 13 விழுக்காட்டைச் செய்கிறது. ஆனால் இலாபம் மிகுந்த வடிவமைப்பும் உயர்நிலைத் தயாரிப்பும் வேறு இடங்களில் நடக்கின்றன.

மலேசியா ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1969 மே இனக்கலவரத்துக்குப் பின் வந்த 1971-ஆம் ஆண்டின் புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இன ஏற்றத்தாழ்வைக் குறைப்பதே முதன்மையான நோக்கம். அந்த நோக்கத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் 1975-இல் வந்த தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளரும் உள்நாட்டு உற்பத்தி நிறுவனங்கள் 30 விழுக்காட்டுப் பங்கைப் பூமிபுத்திராக்களுக்கு (மலாய்க்காரர் முதலிய மண்ணின் மைந்தர்களுக்கு) ஒதுக்க வேண்டும் என்று விதித்தபோது, ஏற்றுமதி வலயத்திலிருந்த அயல்நாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் விலக்குப் பெற்றன. உள்ளூர்ச் சிறு முதலாளிகளில் பலர் வளராமலே இருந்துவிடுவது மேல் என்று முடிவெடுத்தார்கள். உள்நாட்டு நிறுவனம் வளர வேண்டிய காலத்தில் அதற்கு ஊக்கம் குன்றிப்போனது.

1983-இல் தொடங்கப்பட்ட புரோட்டோன் கார் நிறுவனம் அரசின் நேரடி முயற்சி. அதற்கு உயர்ந்த சுங்கவரிப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் "இத்தனை ஆண்டுகளுக்குள் இத்தனை வண்டிகளை வெளிநாட்டில் விற்றாக வேண்டும், இல்லையேல் சலுகை நிற்கும்" என்ற கண்டிப்பு, தென்கொரியா தன் நிறுவனங்களிடம் காட்டிய அளவுக்கு இங்கே இல்லை. 2017-இல் அதன் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குச் சென்றது. தாய்லாந்து இதற்கு நேரெதிரான வழியில் சென்றது: சொந்தக் கார் வேண்டாம், ஜப்பானியர்கள் வந்து செய்யட்டும் என்றது. 2013-இல் அங்கு ஏறத்தாழ 24.5 லட்சம் வண்டிகள் உற்பத்தியாயின. அவற்றில் தாய்லாந்துப் பெயர் தாங்கிய வண்டி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

செம்பனைத்தோட்டம்

துலாக்கோல் ஐயா சொன்னதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். எங்கள் தோட்டப்புறத்திலிருந்து முதன்முதலில் வெளியேறியவர்கள் பெண்கள்தாம். தொழிற்சாலைப் பேருந்து விடியற்காலையில் வந்து என் அக்காமார்களை ஏற்றிச் செல்லும். அவர்கள் கொண்டுவந்த சம்பளத்தில்தான் நான் தொழிற்பயிற்சி முடித்தேன். ஆகவே பொருத்தும் வேலையை யாரேனும் இழிவாகப் பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பின்னர் நானும் பாயான் லெப்பாசில் ஓர் அயல்நாட்டு மின்னணு நிறுவனத்தில் இருபத்தேழு ஆண்டுகள் தொழில்நுட்பராகப் பணியாற்றினேன். இயந்திரம் பழுதானால் சரிசெய்வதற்கும், ஒரு மணி நேரத்தில் வெளிவரும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள்; அதில் எங்களை வெல்ல ஆள் இல்லை என்று துணிந்து சொல்வேன். ஆனால் அந்தப் பொருள் ஏன் அவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்ற கேள்விக்குரிய ஏடுகள் தலைமையகத்திலேயே இருந்தன. நாங்கள் செய்துகாட்டிய திருத்தங்கள் அங்கே போயின. திரும்பி வந்தபோது அவை அடுத்த மாதிரியின் கட்டளைகளாக மட்டுமே வந்தன.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கூலியை உயர்த்துவதா, இயந்திரமயமாக்குவதா, வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைப்பதா என்ற மூன்று வழிகள் இருந்தன. தோட்டங்களும் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் மூன்றாம் வழியையே எடுத்தன. இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கடன்பட்டுத் தரகர்களுக்குப் பணம் கொடுத்து வந்து, நெரிசலான விடுதிகளில் தங்கி, முறையிடவும் அஞ்சி உழைத்தார்கள். குறை அவர்களுடையதன்று. ஆனால் மலிவான ஆள் எப்போதும் கிடைக்கும் என்று ஆன பிறகு, நிறுவனங்கள் திறனுக்குச் செலவிட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளமும் ஒரே இடத்தில் நின்றது.

உள்ளூர் நிறுவனமே தோன்றவில்லை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பன்னாட்டு நிறுவனங்களில் வேலை கற்ற பொறியாளர்கள் 2000-இல் தொடங்கிய வைட்ராக்ஸ், தானியங்கி இயந்திரங்களைச் செய்யும் பென்டாமாஸ்டர் போன்றவை பினாங்கிலேயே வளர்ந்தவை. முதலாளிகளும் மாநில அரசும் சேர்ந்து 1989-இல் அமைத்த திறன் மேம்பாட்டு மையத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. காலம் பிடித்தது, எண்ணிக்கை போதாது; ஆனால் விதை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

அலைமேடு

மேலே எழுதிய இருவரும் திறனைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். பணம் எங்கே போனது என்பதைப் பேசாமல் இந்தக் கதை முழுமையடையாது.

1996 வரை தாய்லாந்து தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை முதலீடு செய்துவந்தது. ஆனால் 1993-இல் பாங்காக்கில் அயல்நாட்டுக் கடனுக்கு வாசல் அகலத் திறந்துவிடப்பட்ட பிறகு, குறுகிய கால டாலர்க் கடன் வெள்ளமாக வந்து, ஆலைகளுக்குப் போனதைப்போலவே அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் நிலத்துக்கும் போனது. டாலருக்கு 25 பாட் என்ற தாய்லாந்து நாணய மதிப்பை இனிக் காக்க இயலாது என்று 1997 ஜூலை 2 அன்று அரசு கைவிட்டது. அடுத்த ஜனவரியில் டாலர் 50 பாட்டுக்கு மேல் சென்றது. பன்னாட்டு நிதியத்தின் (ஐஎம்எஃப்) கடனோடு வந்த கட்டுப்பாடுகள் வட்டியை உயர்த்தின. 1997 டிசம்பரில் 56 நிதி நிறுவனங்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. இந்தோனேசியாவில் ரூபியா நாணயத்தின் வீழ்ச்சி ஆட்சியையே கவிழ்த்து, 1998 மே மாதம் அதிபர் சுகார்த்தோ பதவி விலகினார்.

நான் சொல்ல வருவது இதற்குப் பிந்தியதை. டாலரில் கடன் வாங்கி, பாட் நாணயத்தில் சம்பாதித்த உள்ளூர் நிறுவனங்களே முதலில் வீழ்ந்தன. ஏற்றுமதி செய்த அயல்நாட்டு நிறுவனங்களுக்கோ மலிவான நாணயம் உதவியாகவே அமைந்தது. நொடித்துப்போன உள்ளூர் வாகன உதிரிபாக நிறுவனங்களின் பங்குகளை ஜப்பானியக் கூட்டாளிகள் வாங்கிக்கொண்டார்கள். தாய்லாந்திலும் மலேசியாவிலும் முதலீட்டு விகிதம் பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. ஆகவே கற்கத் தவறினார்கள் என்று மட்டும் சொல்வது முழு நியாயமாகாது. கற்றுக்கொண்டிருந்தவர்களில் பலர் பாதியில் வீழ்த்தப்பட்டார்கள்.

வயலோரம்

சுருக்கமாக ஒன்று. பிலிப்பீன்சை இங்கு யாரும் தொடவில்லை. அங்கே உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேளாண்மையில் இருந்தும், அந்தத் துறையின் பங்கு உற்பத்தியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. உலக நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1960 முதல் லோஸ் பானோசில் இயங்கும் நாடு, இன்று உலகின் மிகப் பெரிய அரிசி இறக்குமதியாளர்களில் ஒன்று. தைவான் 1953-இல் நிலத்தை உழுபவருக்கே கொடுத்து முடித்தது. பிலிப்பீன்சில் 1988-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தும், நீக்ரோஸ் தீவின் கரும்புப் பண்ணைகளில் நிலப் பிரச்சினை பல பத்தாண்டுகள் இழுபட்டது. ஊரில் பிழைக்க வழியில்லாதவர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் உற்பத்தியில் 8 விழுக்காட்டுக்கும் மேல் வருகிறது. வியட்நாமின் தொடக்கம் நிலத்திலிருந்து அமைந்தது என்று நெடுவழி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அந்த வகையில் அதன் அடித்தளம் பிலிப்பீன்சினுடையதைவிட உறுதியானது.

நெடுவழி

அனைவருக்கும் நன்றி. அலைமேடு சொன்ன கோணத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்னும் ஒரு கேள்வி: நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாது என்று இந்தோனேசியா 2020 ஜனவரியில் விதித்த தடை, இந்தச் சிக்கலிலிருந்து வெளியேறும் வழியாகுமா? வியட்நாமில் நிலைமை மாறுகிறதா என்பதை எதைப் பார்த்து அறிவது?

துலாக்கோல்

தடை ஒரு பயனைத் தந்தது: உருக்காலைகள் உள்நாட்டுக்கு வந்தன. சுலாவெசியின் மொரோவாலியில் முன்பு மீனவர் ஊர்கள் இருந்த கரையில் இன்று பெருந்தொழில் வளாகம் நிற்கிறது. ஆனால் அந்த ஆலைகளில் பெரும்பாலானவை சீன நிறுவனங்களுடையவை. தருவித்த தொழில்நுட்பம், வரிச்சலுகை, ஆலைக்கென்றே கட்டிய நிலக்கரி மின்நிலையங்கள் ஆகியவற்றின் மீது அவை நிற்கின்றன. 2023 டிசம்பரில் அங்கு நடந்த உலை விபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். தாது ஏற்றுமதி போய் உலோக ஏற்றுமதி வந்திருக்கிறது. அந்த உலையை வடிவமைக்கவும் பாதுகாப்பாக இயக்கவும் தெரிந்த இந்தோனேசியப் பொறியாளர்கள் எத்தனை பேர் உருவாகிறார்கள் என்பதைக் கொண்டுதான் அதன் பயனை மதிப்பிடுவேன்.

வியட்நாமில் நான் பார்ப்பது பெரிய ஆலைக்குப் பாகம் தரும் முதல் வரிசை நிறுவனங்களைத்தான். அங்கே உள்ளூர்ப் பெயர்கள் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் தருவதோடு நிற்கின்றனவா, அச்சு வார்ப்பு, துல்லியக் கருவிகள் என்று மேலேறுகின்றனவா என்று பாருங்கள். மின்சாரத்தையும் கவனியுங்கள். 2023 மே, ஜூன் மாதங்களில் நீர்த்தேக்கங்கள் வற்றி வட மாகாணங்களின் தொழிற்பேட்டைகளில் மின்வெட்டு ஏற்பட்டது. தனக்கென மின்னாக்கி வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு பட்டறைகளுக்கே இத்தகைய அடி கடுமையாக விழும்.

செம்பனைத்தோட்டம்

இரண்டாம் கேள்விக்கு என் பங்கு. 2030-க்குள் சில்லுத் துறைக்கு 50,000 பொறியாளர்களை உருவாக்குவதாக வியட்நாம் அறிவித்திருக்கிறது. மலேசியா 2024 மே மாதம் 60,000 என்றது. எண்ணிக்கையை எட்டுவது கடினமன்று; அவர்களைத் தக்கவைப்பதே கடினம். இங்கே பயிற்சி முடித்தவர்களில் திறமையானவர்கள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்வதை நான் பணியிலிருந்த காலம் முழுதும் கண்டேன். நான் பயிற்றுவித்தவர்களில் சிறந்த மூவரும் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஒரே வேலைக்கு அங்கே மூன்று மடங்கு சம்பளம். அதைவிட, வடிவமைப்பு அறைக்குள் அமர ஓர் இருக்கையும் அவர்களுக்கு அங்கே கிடைத்தது. அந்த இருக்கைகள் ஹனோயிலும் பினாங்கிலும் எத்தனை போடப்படுகின்றன என்பதை ஆண்டுதோறும் எண்ணிப் பாருங்கள்.