யொரூபாக்களின் இரட்டையர் பொம்மை: பயமா, பாசமா?

கருவேலங்காட்டான்:
நைஜீரியாவின் தென்மேற்கில் இருக்கும் யொரூபா மக்கள், இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்துபோனால் அதற்கு மரத்தில் ஓர் உருவம் செதுக்கி வைப்பார்கள். பெயர் எரே இபெஜி. உயிரோடு இருக்கும் பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும்: குளிப்பாட்டு, சோறு, துணிமணி. அருங்காட்சியகங்களில் இதைத் 'தாய்ப்பாசத்தின் கலை' என்று எழுதி வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரட்டையருக்கு ஆன்மா ஒன்றுதான், போன பாதி மனம் கோணினால் இருக்கிற பாதியையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பதுதான் இதன் அடிப்படை. குறி பார்க்கும் பபலாவோவிடம் போக வேண்டும், அவர் சொன்னபடி உருவம் செய்ய வேண்டும், செதுக்குபவருக்குக் கூலியும் விருந்தும் கொடுக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளை இன்னும் மிரட்டுகிற ஏற்பாடு இது.

உளிச்சத்தம்:
மிரட்டல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த உருவங்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். உயரம் பெரும்பாலும் 20 முதல் 30 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு தலை. இறந்தது பச்சிளங்குழந்தை என்றாலும் செதுக்குவது வளர்ந்த ஆளாக: ஆணா பெண்ணா என்று தெரியும்படி, கன்னத்தில் குலத்துக்குரிய கீறல்களோடு. செதுக்கி முடித்த பிறகு உடம்புக்குச் செம்மரப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். கொண்டைக்கு அவுரி நீலம். பிற்காலத்தில் துணிக்குப் போடும் நீலப்பொடியே வந்துவிட்டது. விசேஷ நாளில் பயறும் செம்பனை எண்ணெயும் வாயில் தடவி ஊட்டி, பிறகு முகத்தைக் கழுவித் துடைப்பார்கள்.

விளைவைப் பாருங்கள். பல உருவங்களில் மூக்கும் உதடும் மழுங்கி வழுவழுவென்று ஆகிவிட்டன, கன்னக் கீறல் தடவினால்தான் தெரிகிறது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே, விரல் போகாத இடத்தில், செம்பொடி பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. போலி செய்கிறவன் பிடிபடுவதும் அங்கேதான்: உப்புத்தாளால் உடம்பு முழுக்க ஒரே சீராகத் தேய்த்துவிடுவான், இடுக்கில் பொருக்கு இருக்காது. உண்மையான தேய்மானத்துக்கு வருடக்கணக்காகும். பயந்தவர்கள் கடனுக்குச் செய்வார்கள். முகம் மழுங்குகிற அளவுக்குக் கொஞ்ச மாட்டார்கள்.

கருவேலங்காட்டான்:
தேய்மானம் எத்தனை தடவை துடைத்தார்கள் என்று சொல்லும், எந்த மனசோடு துடைத்தார்கள் என்று சொல்லாது. நம் ஊரில் காவல் தெய்வத்துக்குப் பயந்து பயந்து எண்ணெய் காப்பிடுகிறவர்கள் இல்லையா? கொஞ்சம் கிழக்கே பாருங்கள். கலபார் பக்கத்து எஃபிக் மக்கள் இரட்டைப் பிள்ளைகளைப் பானையில் வைத்துக் காட்டில் விட்டார்கள், தாயை ஊரைவிட்டு ஒதுக்கினார்கள். 1876இல் அங்கே போன மேரி ஸ்லெஸர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அப்படிப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். யொரூபாக்களிடமும் ஒரு காலத்தில் இரட்டையரை ஒழிக்கும் வழக்கம் இருந்ததாக அவர்களுடைய வாய்மொழி மரபே சொல்கிறது. அதே பயம்தான் பிறகு பூஜையாக மாறியது.

பேறுகாலச் செவிலி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தப் பயத்துக்கு உடம்பு சார்ந்த காரணம் இருந்தது. 1960கள், 70களில் யொரூபாக்கள் வாழும் இபாடான் பகுதியில் நடந்த ஆய்வுகளில் 1000 பிரசவத்துக்கு ஏறத்தாழ 45 இரட்டை என்று வந்தது. உலக அளவில் அது சுமார் 12. இரட்டை என்றால் குறைமாதம், எடை 2.5 கிலோவுக்குக் கீழே, சூடு தாங்காமை, பால் உறிஞ்சத் தெம்பில்லாமை எல்லாம் கூடவே வரும். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகளில் 2009-14 காலத்தில்கூட இரட்டையரில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. முதலில் வரும் பிள்ளை தைவோ, அடுத்தது கெஹிந்தே. கெஹிந்தேதான் மூத்தது, உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியையோ தங்கையையோ முன்னால் அனுப்புகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் பிரசவ அறையில் ஆபத்து அதிகம் அந்த 'மூத்த' பிள்ளைக்குத்தான். முதல் பிள்ளை வந்ததும் கருப்பை சுருங்கும், நச்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம், உள்ளே இருப்பது குறுக்கே திரும்பிக்கொள்ளலாம், தொப்புள்கொடி முந்திக்கொள்ளலாம். அதனால்தான் முதல் குழந்தை வெளியே வந்த உடனே வயிற்றைத் தொட்டு அடுத்ததன் கிடையைப் பார்க்க வேண்டும், இதயத்துடிப்பை விடாமல் கேட்க வேண்டும். அரை மணிக்கு மேல் இழுத்தால் எச்சரிக்கை. ஒன்று தங்கி ஒன்று போவதை அடிக்கடி பார்த்த சமூகம், இருக்கிற பிள்ளையும் போய்விடுமோ என்று பயந்ததை மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெண்டைக்கொழுந்து:
அந்த 45க்குக் காரணம் சாப்பாடுதானே? ஓயோ மாநிலத்து இக்போ-ஓரா ஊர்க்காரர்கள் வெண்டை இலைக் குழம்பும் வள்ளிக்கிழங்கு மாவுக் களியும்தான் காரணம் என்கிறார்கள். ஊரே 'இரட்டையர் தலைநகரம்' என்று பெயர் வாங்கியிருக்கிறது.

பேறுகாலச் செவிலி:
ஒட்டு வாழைப்பழம் தின்றால் இரட்டை பிறக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு இருக்கும் ஆதாரம்தான் இதற்கும். ஒரே கரு பிரிந்து உண்டாகும் இரட்டை எல்லா நாட்டிலும் 1000க்கு சுமார் 4தான். யொரூபாக்களிடம் கூடுவது இரண்டு முட்டையால் வரும் இரட்டை. அது தாய்வழிப் பரம்பரை, தாயின் வயது, எத்தனையாவது பேறு என்பவற்றைப் பொறுத்தது. அதே கிழங்கை நைஜீரியாவில் மற்ற இனத்தாரும்தான் தின்கிறார்கள்.

உளிச்சத்தம்:
கருவேலங்காட்டான், உங்கள் வாதத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. கிறித்துவமும் இஸ்லாமும் பரவியதும் பபலாவோவின் பிடி தளர்ந்தது. பயம் மட்டும்தான் காரணம் என்றால் வழக்கம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு முகக்கூறுகளைக் குறைத்து எளிமையாகச் செதுக்கினார்கள். பிறகு கடையில் பிளாஸ்டிக் பொம்மை வாங்கினார்கள். புகைப்படக் கடை வந்ததும், இருக்கிற பிள்ளையை இரண்டு தடவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே படமாக்கினார்கள். இறந்தது பெண், இருப்பது ஆண் என்றால் அந்தப் பையனுக்கே பெண் உடை போட்டு இன்னொரு படம். மிரட்ட ஆளில்லாதபோதும் செய்தார்கள் என்றால் அது பாசம்.

கருவேலங்காட்டான்:
மிரட்ட வெளியாள் தேவையில்லை, பாட்டியே போதும். ஆனால் என் ஆட்சேபம் அந்தப் படத்தில்தான் இன்னும் பலமாகிறது. மரப்பொம்மை இருந்தவரை இறந்த பிள்ளைக்கென்று தனி உடம்பு ஒன்று இருந்தது. புகைப்படத்தில் அந்த வேலையும் உயிரோடு இருக்கிறவன் தலையில் விழுகிறது. தங்கையின் கவுனைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் நிற்பவன் ஐந்து வயசுப் பையன். தாயின் துக்கத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், அவனிடம் யார் கேட்டார்கள்?