12-6 முழங்கை அடிக்குத் தடை நீங்கியதாமே, அமெச்சூர் போட்டிக்குப் போகும் எங்களுக்கு என்ன மாறுகிறது?

கூண்டு_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) பயிற்சியில் இருக்கிறேன், சீக்கிரமே முதல் அமெச்சூர் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். ஐஎம்எம்ஏஎஃப் (அமெச்சூர் எம்எம்ஏவின் சர்வதேச அமைப்பு) விதிகள், 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. ப்ரோ, அதாவது தொழில்முறைப் போட்டிகளின் பொது விதிகளான யுனிஃபைட் விதிகள் 2024 நவம்பரில் மாறியதிலிருந்து எங்கள் ஜிம்மில் பாதி நேரம் மவுண்ட்டில் (கீழே கிடப்பவர் மேல் ஏறி) உட்கார்ந்து முழங்கையை நேர் கீழாக இறக்கும் 12-6 பயிற்சிதான் நடக்கிறது. எங்கள் விதித்தாளிலோ முழங்கை அடியே கூடாது என்று போட்டிருக்கிறது. கேட்டால் "நாளைக்கு ப்ரோ ஆகும்போது வேண்டாமா" என்கிறார்கள்.

இன்னொன்று, யாராவது முன்னாலிருந்து தலையைப் பிடித்து அழுத்தினால் இரண்டு கையையும் தரையில் ஊன்று, முழங்காலால் முகத்தில் அடிக்க முடியாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அது செல்லாது என்கிறார்கள். இதெல்லாம் அமெச்சூருக்கும் உண்டா, இல்லை டிவியில் வருகிறவர்களுக்கு மட்டுமா? எதைப் பழகுவது, எதை விடுவது?

மேட்_அண்ணன்

தம்பி, விதியை மாற்றியது ஏபிசி, அதாவது அமெரிக்கப் பக்கத்து கமிஷன்களின் சங்கம். 2024 ஜூலையில் ஓட்டெடுத்தார்கள், நவம்பர் 1 முதல் அமல். அதிலும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். 2017-ல் வந்த மாற்றத்தைச் சில மாநிலங்கள் ஏற்கவே இல்லை, அதனால் ஒரே வீரர் ஒரு ஊரில் ஒரு விதியிலும் பக்கத்து மாநிலத்தில் வேறு விதியிலும் சண்டை போட வேண்டியிருந்தது. உன் போட்டி வேறு குடை. அங்கே என்ன செல்லும் என்பதை உன் விதித்தாள்தான் சொல்லும், டிவியில் வரும் யுஎஃப்சி ப்ரோ போட்டிகளின் ஒளிபரப்பு அல்ல.

12-6 என்பது கடிகாரத்தில் 12-லிருந்து 6-க்குப் போவதுபோல் நேர் கீழாக இறங்கும் முழங்கை. அது மட்டும்தான் ப்ரோவில் தடையாக இருந்தது, கொஞ்சம் சாய்வாக வந்தால் அதைவிட மோசமாகக் கிழித்தாலும் சரி. 2009-ல் ஜான் ஜோன்ஸ் மாட் ஹாமிலை வென்றுகொண்டிருந்த சண்டையில் இதனாலேயே தகுதி நீக்கம் ஆனார், இன்றுவரை அவர் கணக்கில் உள்ள ஒரே தோல்வி அது. ப்ரோவில் தடையை எடுத்தது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உனக்கு எந்தத் திசையிலிருந்தும் முழங்கை கிடையாது, அதனால் இந்த மாற்றம் உன்னைத் தொடவே இல்லை.

தொடாத ஒன்றை ஏன் பழகக் கூடாது என்றால், ஹாஃப் கார்டில் (அடியில் இருப்பவன் உன் ஒரு காலைத் தன் கால்களுக்கு இடையே பிடித்திருக்கும் நிலை) மேலே இருக்கிறாய் என்று வைத்துக்கொள். அவன் உன் பைசெப்ஸைப் பிடித்துத் தடுக்கிறான், நீ குத்தக் கையை ஓங்க இடம் இல்லை, கை தானாக மடங்குகிறது, முன்கையை அவன் தாடையில் வைத்து அழுத்துகிறாய், அவன் கொஞ்சம் நகர்ந்ததும் முழங்கை வழுக்கி புருவத்தில் இறங்கிவிடுகிறது. தினமும் அதையே பழகியவனுக்கு இது ஒரு நொடி வேலை, யோசிக்க நேரமே இருக்காது. புருவம் கிழிந்து ரத்தம் வந்தால் டாக்டர் சண்டையை நிறுத்துவார், நீ தகுதி நீக்கம். எதிரே நின்ற பையனும் அவ்வளவு நாள் உழைத்துத்தானே வந்தான், அவன் புருவத்தில் தையல்.

ஆனால் மறுபக்கமும் உண்டு, இதைப் பல கோச்சுகள் கவனிப்பதில்லை. முழங்கை இல்லாத விதியில் வளர்கிறவர்கள் குளோஸ்டு கார்டில் (அடியில் இருப்பவர் மேலே இருப்பவரின் இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பூட்டிய நிலை) தலையைக் கொண்டுபோய் எதிராளியின் மார்பில் சாய்த்து ஓய்வெடுப்பார்கள். அடியில் இருப்பவரும் ஹாஃப் கார்டில் சும்மா பிடித்துக்கொண்டு நேரம் போக்குவார். கூண்டுச் சுவரில் ஒட்டி நிற்கும்போது தலை தாழ்ந்தே இருக்கும். அமெச்சூரில் இதற்கெல்லாம் தண்டனை இல்லை, ப்ரோவில் முதல் சண்டையிலேயே உண்டு. ஆகவே முழங்கையால் அடிக்க இப்போது பழகாதே, முழங்கை வரும் இடத்தில் தலையை வைக்காமல் இருக்க இன்றிலிருந்தே பழகு.

நேரே_பேசுவோம்

அண்ணன் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. அடிக்கவே பழகாதவன் தடுக்க எப்படிப் பழகுவான்? ஸ்பாரிங்கில் யாராவது பேட் போட்டுக்கொண்டு முழங்கையை வீசினால்தானே தலை நகரும்! தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாயில் அமெச்சூர் நடத்தும் இஃப்மா போட்டிகளில் முழங்கைக்குப் பாதுகாப்புப் பேட் மாட்டி அடிக்க விடுகிறார்கள். எம்எம்ஏவிலும் அனுபவம் உள்ள அமெச்சூர்களுக்கு அப்படி ஒரு படி வைத்தால் என்ன? இப்போது ஒரே தாவலாக, நேற்றுவரை ஷின் கார்டும் தடித்த கையுறையும் போட்டவன் இன்று 4 அவுன்ஸ் கையுறையோடு முழங்கை, முழங்கால், ஹீல் ஹூக் (குதிகாலைத் திருகும் கால் பூட்டு) எல்லாம் உள்ள கூண்டுக்குள் போகிறான்.

அப்புறம், விதி மாறுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், விதியே இல்லாமல் அமெச்சூர் நடந்த கதையையும் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலம் 1997-ல் ப்ரோ எம்எம்ஏவைத் தடை செய்தது. சட்டம் ப்ரோவைப் பற்றி மட்டுமே பேசியது, அமெச்சூர் அதில் வரவில்லை. விளைவு, மருத்துவ வசதியும் காப்பீடும் உள்ள பெரிய போட்டிகள் வெளியே, அமெச்சூர் போட்டிகள் மட்டும் அரசு மேற்பார்வை இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே. ரத்தப் பரிசோதனை நடக்குமா, தகுந்த டாக்டர் இருப்பாரா என்பது நடத்துகிறவரின் மனசாட்சியைப் பொறுத்தது. 2016-ல் சட்டம் மாறி, அந்த நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் யுஎஃப்சி 205 நடந்ததைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தில் முக்கியமான வரி, அமெச்சூர் போட்டிகள் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் கீழ்தான் நடக்க வேண்டும் என்பது.

மூலை_நாற்காலி

தரையில் கை ஊன்றும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் பாதத்தைத் தவிர எது தரையைத் தொட்டாலும் 'தரையில் இருப்பவர்' கணக்கு, அவர் தலையில் முழங்காலாலோ உதையாலோ அடிக்கக் கூடாது, அதற்கு ஒரு கை போதும். ஒற்றை விரலை வைத்துத் தப்பிக்க ஆரம்பித்ததால் 2017-ல் இரண்டு உள்ளங்கையோ முஷ்டியோ ஊன்றினால்தான் என்று வைத்தார்கள். 2024 மாற்றத்தில் கை கணக்கிலேயே இல்லை. முழங்கால், முன்கை, இடுப்பு என்று கையும் பாதமும் அல்லாத ஏதாவது தொட வேண்டும். நடுவருக்கு இது பெரிய நிம்மதி, விரல் தொட்டதா தொடவில்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

தலைக்கு முழங்கால் அடி கிடையாது என்று உங்கள் விதித்தாளில் இருந்தால் இந்த மாற்றம் உங்களைக் காப்பதும் இல்லை, கெடுப்பதும் இல்லை. ஆனால் கை ஊன்றும் பழக்கத்தை இப்போதே விடுங்கள். இரண்டு கையும் தரையில் இருந்தால் கில்லட்டினை (முன்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி) தடுக்க எந்தக் கை வரும்?

எனக்குப் பெரிதாகத் தெரிவது மதிப்பெண் முறை. அடி, பிடி இரண்டிலும் பலன் தந்தது எது என்பதுதான் முதல் அளவுகோல், அது சமமாக இருந்தால்தான் ஆக்ரோஷம், அதுவும் சமமானால் கூண்டுக் கட்டுப்பாடு. 3 நிமிட ரவுண்டில் இதைப் பொருத்திப் பாருங்கள். முதல் 2 நிமிடம் நீங்கள் ஜாப் குத்துகள் வைத்து, காலில் நாலு நல்ல உதை கொடுத்திருக்கிறீர்கள். கடைசி 1 நிமிடம் எதிராளி டேக்டவுன் போட்டு (கீழே சாய்த்து) மேலேயே படுத்திருக்கிறார், ஒரு குத்துகூட இல்லை. அது உங்கள் ரவுண்டு. 'கீழே விழுந்தேன், ரவுண்டு போச்சு' என்று நினைத்து அடுத்த ரவுண்டில் தலை தெறிக்க ஓடி மாட்டிக்கொள்ளும் புதியவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு நோகிறது. இந்த விதியை வீரர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற ஜிம்கள் ரொம்பக் குறைவு.

எடைமேடை_அக்கா

தம்பி, நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். ஐஎம்எம்ஏஎஃப் மாதிரி பல நாள் நடக்கும் போட்டியில் நீ சண்டை போடும் ஒவ்வொரு நாள் காலையிலும் எடை பார்ப்பார்கள். ப்ரோ வீரர்கள் முந்தின நாள் எடை காட்டிவிட்டு இரவெல்லாம் தண்ணீர் ஏற்றிக்கொள்வதைப் பார்த்து நீயும் ஆரம்பித்தால் இரண்டாம் நாள் எழுந்திருக்கவே மாட்டாய். 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய ப்ரோ அமைப்பின் போட்டிக்காக எடை குறைக்கும்போது சீன வீரர் யாங் ஜியான்பிங் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் அவர்கள் உடம்பை வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். காலையில் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, அப்படியே நின்றால் என்ன எடையோ அதற்குப் பக்கத்துப் பிரிவில் பெயர் கொடு. உயரமான எதிராளி கிடைத்தால் கிடைக்கட்டும்.

கூண்டு_புதுசு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, எடைப் பிரிவை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அண்ணா, ஜிம்மில் முழங்கைப் பயிற்சி நேரத்தில் நான் மட்டும் தனியாக என்ன செய்வது? கோச் கோபித்துக்கொள்வார்.

மேட்_அண்ணன்

விதித்தாளை அச்சிட்டுக் கொண்டுபோய், போட்டி முடியும்வரை அடியில் இருப்பவனாக மட்டும் இருக்கட்டுமா என்று மரியாதையாகக் கேள். பேட் போட்டு மெதுவாக வீசட்டும், நீ ஃப்ரேம் வைத்து (முன்கையால் முட்டுக் கொடுத்து), இடுப்பை நகர்த்தி, எழுந்து வா. நேரே_பேசுவோம் சொன்னதற்கும் அதில் பதில் இருக்கிறது, எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. கோச் அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் போட்டிவரை அந்த வகுப்புக்குப் பதில் மல்யுத்த வகுப்புக்குப் போ. அப்புறம், போட்டிக்கு முன் விதிக் கூட்டம் ஒன்று வைப்பார்கள், அதில் தூங்காதே, முன்வரிசையில் உட்கார்ந்து தலைக்கு முழங்கால் உண்டா, எந்தக் கால் பூட்டு செல்லும் என்று நடுவரிடமே கேட்டுவிடு.