மறு: ரெஃப்ரெஷ் ரேட்டுக்குத் தமிழ்ச்சொல்: புதுப்பிப்பு வீதமா, துடிப்பா, திரைவீதமா?

அடையாற்றிலிருந்து:

வணக்கம். சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவுக்கு மானிட்டர் வாங்க வருபவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. அதில் முதல் கேள்வியே "240 ஹெர்ட்ஸ் கேமிங் மானிட்டருக்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?" என்பதுதான். பதில் எழுத உட்கார்ந்தால் ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்திலேயே, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக எழுதுகிறது என்று ஹெர்ட்ஸில் சொல்லும் எண்ணிலேயே, தடுக்குகிறது. வரைவில் இப்போதைக்கு 'புதுப்பிப்பு வீதம்' என்றும், கணினி நொடிக்கு எத்தனை படம் தருகிறது என்ற ஃபிரேம் ரேட்டுக்குச் 'சட்டக வீதம்' என்றும் போட்டிருக்கிறோம். இரண்டும் ஒட்டவில்லை. சொல்லை மட்டும் அனுப்பாமல், அதை வைத்து வாங்குபவருக்கு ஒரு வாக்கியமும் எழுதிக் காட்டுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

புதுப்பிப்பு வேண்டவே வேண்டாம். கைப்பேசியிலும் கணினியிலும் அப்டேட்டுக்கு அந்தச் சொல் வேரூன்றிவிட்டது. 'அதிகப் புதுப்பிப்பு வீதம் கொண்ட மானிட்டர்' என்று எழுதினால், ஓயாமல் அப்டேட் கேட்டு நச்சரிக்கும் மானிட்டர் என்றுதான் படிப்பார்கள். சட்டகமும் அப்படியே: ஜன்னல் சட்டகம், கோட்பாட்டுச் சட்டகம் என்று ஏற்கெனவே அதற்கு வேலை அதிகம்.

என் பரிந்துரை 'திரைத்துடிப்பு'. வாக்கியம்: "இந்தத் திரைக்கு நொடிக்கு 240 துடிப்பு." நாடி பார்ப்பதுபோல எண்ணிச் சொல்லலாம், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

கிண்டியிலிருந்து:

அம்மா, சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் திரை செய்யும் வேலையைத் தலைகீழாகக் காட்டுகிறது. துடித்தது பழைய படக்குழாய் மானிட்டர். மின்கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து உடனே மங்கிவிடும். எல்சிடியும் ஓஎல்இடியும் துடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை எழுதி, அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். 60 ஹெர்ட்ஸில் அந்தப் பிடிப்பு 16.67 மில்லிநொடி, 144-இல் 6.94, 240-இல் 4.17, 480-இல் 2.08.

விலை கூடிய திரையில் காசு போவது இந்தப் பிடிப்பைக் குறைக்கத்தான். நம் கண் நகரும் பொருளோடு சேர்ந்து சறுக்கிக்கொண்டே போகும்; திரையில் உள்ள படமோ நின்று நின்று தாவும். அந்த இடைவெளி மூளையில் மங்கலாக விழுகிறது. நொடிக்கு 960 படப்புள்ளி வேகத்தில் ஓடும் எழுத்து 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 16 புள்ளி அகலத்துக்கு இழுபடும், 120-இல் 8, 240-இல் 4. நிறம் எவ்வளவு வேகமாக மாறினாலும் இந்த மங்கல் போகாது. ஓஎல்இடியே ஆனாலும் 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இழுபடும்.

சில எல்சிடிகளில் பின்னொளியை வேண்டுமென்றே அணைத்து அணைத்து ஏற்றும் வசதி உண்டு. மங்கல் நன்றாகக் குறையும். கூடவே வெளிச்சமும் குறையும், சிலருக்குக் கண் வலிக்கும். துடிப்பு என்ற சொல்லை அதற்கு ஒதுக்கிவைப்போம்: 'பின்னொளித் துடிப்பு'. இங்கே செலவழித்துவிட்டால் அங்கே கையில் சொல் இருக்காது.

ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு 'திரைவீதம்', ஃபிரேம் ரேட்டுக்கு 'படவீதம்'. வாக்கியம்: "கிராஃபிக்ஸ் கார்டு தருவது படவீதம், மானிட்டர் காட்டுவது திரைவீதம், படவீதம் 90-ஐத் தாண்டாத கணினிக்கு 240 திரைவீதம் வாங்கினால் பெரும்பாலான காசு வீண்." இரட்டைப் பிள்ளைகளாக இருப்பதுதான் இச்சொற்களின் பயன். ஒன்றைப் படிக்கும்போதே மற்றொன்று எங்கே என்று கேட்கத் தோன்றும்.

வளசரவாக்கத்திலிருந்து:

'வீதம்' சரி. தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'வட்டி விகிதம்' என்றே எழுதுவதால் யாராவது 'திரை விகிதம்' என்று திருத்திவிடக்கூடும். விடாதீர்கள். 16:9 என்ற அகல உயர அளவுதான் விகிதம். அதே அட்டைப் பெட்டியில் அதுவும் அச்சாகியிருக்கும். இலங்கையில் வட்டிவீதம், நாணயமாற்று வீதம் என்றே பழகியவர்கள் நாங்கள் என்பதால் எங்கள் பக்கம் 'திரைவீதம்' சிக்கலில்லாமல் போகும்.

ரிச்சி தெருவிலிருந்து:

கடை அனுபவத்தில் ஒன்று, ஐயா. நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும், "144 வாங்கினேன், வித்தியாசமே தெரியல" என்று திரும்பி வருபவர்களுக்கான பத்தியில்தான் அது உழைக்க வேண்டும். அந்தப் பத்தியில் என்ன வரணும் என்று சொல்கிறேன், சொல்லை நீங்கள் பொருத்துங்கள்.

விண்டோஸ் புது மானிட்டரைப் பல நேரம் 60-இலேயே விட்டுவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் எண்ணைக் கையால் மாற்ற வேண்டும். பட்டியலில் 144-ஏ இல்லை என்றால் கேபிளைப் பார்க்கணும். எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு மொத்தம் 18 கிகாபிட். 1440 புள்ளி உயரத் திரைக்கு 144 வரை தாங்கும், 4கே என்றால் முழு நிறத்தோடு 60 தான். 4கே-இல் 120 காட்டினால், நிறத் தகவலைச் சுருக்கித்தான் அனுப்புகிறது என்று அர்த்தம். சின்ன எழுத்தின் ஓரத்தில் சாயம் கசிந்த மாதிரி இருக்கும். 4கே 144-க்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 அல்லது 48 கிகாபிட் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். பெட்டியோடு வந்த கேபிளை மேசைக்கு எட்டவில்லை என்று ஓரம்போட்டுவிட்டு, நீளமான மலிவுக் கேபிள் மாட்டினால் திரை விட்டுவிட்டுக் கறுக்கும்.

அடுத்தது, கேபிளை மதர்போர்டில் சொருகுவது. கார்டு போட்ட கணினியில் கார்டில்தான் சொருகணும். பிளேஸ்டேஷன் 5-க்காக 240 கேட்பவரிடம் அந்தப் பெட்டியே 120-க்கு மேல் தராது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே, 240 ஓடுமா என்று கேட்பவரும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி போடுங்கள்.

கிண்டியிலிருந்து:

மற்ற சொற்கள் வேகமாக.

ரெஸ்பான்ஸ் டைம்: 'மறுமொழி நேரம்' என்றால் சொடுக்கியதும் திரை பதில் சொல்லும் நேரம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது வேறு, அதற்கு 'உள்ளீட்டுத் தாமதம்' இருக்கிறது. இங்கே அளப்பது ஒரு புள்ளி ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரத்தை. ஆகவே 'நிறமாற்ற நேரம்'. பெட்டியில் 1 மில்லிநொடி என்று போட்டிருந்தால், புள்ளியை வேகமாக மாறத் தள்ளும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்த எண் என்று சந்தேகப்படலாம். அந்த நிலையில் புள்ளி குறியைத் தாண்டிப்போய்த் திரும்பும். ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய கோடு தெரியும். ஒரு படி கீழே இறக்கினால் போதும். விஏ என்ற எல்சிடி வகைத் திரையில் கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்குப் போக 20 மில்லிநொடிக்கு மேல் ஆவதுண்டு. திரைவீதம் 240 என்றால் கையில் இருப்பது 4.17. இருட்டுக் காட்சியில் கரி பூசியது போல இழுப்பது அதனால்தான். அப்படிப்பட்ட திரையில் 240 என்பது பெட்டியில் மட்டும்.

டேரிங், அதாவது அடுத்தடுத்த இரண்டு படங்களின் துண்டுகள் ஒரே நேரத்தில் திரையில் தெரிவது: 'திரைக்கிழிவு' என்று எழுதாதீர்கள், சர்வீஸ் சென்டரில் உத்தரவாதம் கிடையாது என்பார்கள். கிழிவது படம். 'படக்கிழிவு'.

விஆர்ஆர் (வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட்): கார்டு படம் தரும்போது மானிட்டர் எழுதத் தொடங்குவது. 'இசைவுத் திரைவீதம்' எனலாம். 2013-இல் என்விடியா இதை ஜி-சிங்க் என்ற பெயரில் அறிவித்தது, 2014-இல் டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் அடாப்டிவ் சிங்க் என்ற பெயரில் சேர்ந்தது. இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. 48 முதல் 180 வரை என்று எல்லை போட்டிருந்தால், படவீதம் 40-க்கு இறங்கும்போது ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி 80-இல் ஓட்டிச் சமாளிக்கும். மேல் எல்லையில் முட்டாமல் இருக்க விளையாட்டின் படவீதத்தை இரண்டு மூன்று குறைத்துக் கட்டலாம், 180-க்கு 177 போல.

பெரம்பூரிலிருந்து:

துடிப்பை வாபஸ் வாங்குகிறேன்; பின்னொளிக்கே போகட்டும். ஆனால் 'பெரும்பாலான காசு வீண்' என்ற வாக்கியம் கொஞ்சம் கடுமை. மிச்சம் இருப்பதையும் சொல்லுங்கள்: 60-இலிருந்து 144-க்கு ஏறினால் ஒவ்வொரு படத்துக்கும் 9.7 மில்லிநொடி மிச்சம். 144-இலிருந்து 240-க்கு 2.8 தான், அதற்கு மேல் 480 போனாலும் 2.1. விலையோ எதிர்த்திசையில் ஏறுகிறது. வேலோரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் மாதிரிச் சுடும் ஆட்டங்களைத் தினமும் ஆடுபவருக்கு, அதுவும் கார்டும் பிராசசரும் 200 படத்துக்கு மேல் தருமென்றால், 240 நியாயமான செலவு. கதை ஆட்டம், கிரிக்கெட், படம் பார்ப்பவர் 144 முதல் 180 வரை ஐபிஎஸ் வகை எல்சிடி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கார்டில் போடட்டும். பிராசசர் மூச்சுவாங்கும் கணினியில் கிராஃபிக்ஸைக் குறைத்தாலும் படவீதம் ஏறாது என்பதையும் சேருங்கள். அந்தக் கோபம்தான் மானிட்டர் மேல் பாய்கிறது.

ஓஎல்இடிக்கு ஒரு எச்சரிக்கை, நம் ஊர்ப் பழக்கத்தை முன்னிட்டு. அசையாத படம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் பர்ன்-இன்னுக்குத் 'திரைத்தழும்பு' என்று வையுங்கள். அது வராமலிருக்க, சில மணி நேரப் பயன்பாட்டுக்குப் பிறகு மானிட்டர் தூங்கும்போது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். சில நிமிடம் ஆகும். வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைக்கும் வீட்டில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மானிட்டரின் பொத்தானை அழுத்தி, விளக்கு நிறம் மாறி, அந்த வேலை முடிந்தபின் சுவருக்குப் போகச் சொல்லுங்கள். டாஸ்க்பார் மறையட்டும். உத்தரவாத அட்டையில் தழும்பு சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே படிக்கட்டும். ஜன்னல் வெயில் விழும் அறையில் குவான்டம் டாட் வகை ஓஎல்இடியின் கறுப்பு ஊதாச்சாம்பலாக வெளுக்கும். அந்த அறைக்கு நல்ல ஐபிஎஸ் மேல்.

அடையாற்றிலிருந்து:

நன்றி. திரைவீதம், படவீதம், இசைவுத் திரைவீதம், நிறமாற்ற நேரம், படக்கிழிவு, பின்னொளித் துடிப்பு, திரைத்தழும்பு ஆகியவை ஏற்பு. உள்ளீட்டுத் தாமதம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஓடும் உருவத்தின் பின்னால் மங்கலான சாயல் தொடரும் கோஸ்டிங்குக்குப் 'பேய்ப்படம்' என்று தனி மடலில் வந்ததை ஏற்கவில்லை; 'நிழலிழுப்பு' என்று போடுகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.

கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் 'திரைவீதம் எனப்படும் ரெஃப்ரெஷ் ரேட்' என்று இரண்டும் வரும், ஏனென்றால் பெட்டியிலும் விண்டோஸிலும் அவர் தேடப்போவது பின்னதைத்தான். திரைவீதத்தைச் சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் தேடுபொறி 'திரை'க்குச் சினிமாவைக் கொண்டுவந்து கொட்டும்.