அப்பா எந்த வானத்தில்? மார்மன் எல்டர்களோடு பேசிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

செந்தூல் மகள்
மோட்சத்தில் மூன்று ராஜ்யம் உண்டு என்று மார்மன் சபையார் சொல்வது இங்கே பலருக்குத் தெரியும், நேராக வருகிறேன். எங்கள் அப்பா கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் அம்மாவை மோட்டாரில் சபை வாசலில் இறக்கிவிட்டு, பக்கத்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி காத்திருப்பார். அவர் தவறியதும் எங்கள் சபை மூப்பர் ஒருவர் அம்மாவிடம், "அவருக்காக இனி ஜெபிக்க ஒன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு தம்பியின் நண்பன் மூலமாக மார்மன் சபையின் இளம் ஊழியக்காரர்களான இரண்டு எல்டர் பையன்கள் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். அம்மா கேட்டது ஒன்றுதான்: "எங்க வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்காரு தம்பி?" அந்தத் தமிழ்ப் பையன் கரண்ட் பில்லைத் திருப்பி மூன்று வட்டம் போட்டான். மேலே சூரியன், நடுவில் சந்திரன், அடியில் நட்சத்திரம். செத்தவர்களுக்கும் ஆவி உலகத்தில் சுவிசேஷம் சொல்லப்படும், அவர்களுக்காக இங்கே இருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுக்கலாம் என்றான். அம்மா நட்சத்திர வட்டத்தில் விரலை வைத்து, "எனக்கு இதுவே போதும்பா" என்றார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினார். அந்த வட்டங்களை நான் நம்பவில்லை. ஆனால் எங்கள் சபை கொடுக்காத தூக்கத்தை அந்தப் பையன் கொடுத்துவிட்டுப் போனது மனதை அரிக்கிறது.

பினாங்குக் கத்தோலிக்கன்
சகோதரி, வருத்தம் புரிகிறது. ஆனால் 1 கொரிந்தியர் 15-இல் பவுல் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று சொல்வது உயிர்த்தெழும் சரீரத்தைப் பற்றி. மூன்று ராஜ்யம் அங்கே இல்லை. அது 1832 பிப்ரவரி 16-இல் ஒஹாயோவில் ஜோசப் ஸ்மித்தும் சிட்னி ரிக்டனும் கண்டதாகச் சொன்ன தரிசனம். மோட்சத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை நாங்களும் மறுக்கவில்லை. 1439-இல் புளோரன்ஸ் சங்கமே, அவரவர் புண்ணியத்துக்கு ஏற்ப ஒருவரைவிட ஒருவர் நிறைவாகக் கடவுளைக் காண்பார் என்றது. ஆனால் எல்லாரும் கடவுளைக் காண்பார்கள். மார்மன்கள் கணக்கில் சந்திரனில் இருப்பவருக்கு குமாரனின் சமுகம் உண்டு, பிதாவின் நிறைவு இல்லை. நட்சத்திரத்தில் இருப்பவருக்கு பரிசுத்த ஆவியின் ஊழியம் மட்டும்தான். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்த மார்மன் நண்பனிடம் இதைக் கேட்டேன். "ஆமா, அதனாலதான் நாங்க மேல போகப் பாடுபடறோம்" என்றான். நல்ல பையன். அந்தப் பதில் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

பட்டர்வொர்த் அக்கா
என் தோழியின் மகள் அந்தச் சபையில் சேர்ந்து, பாங்காக்கில் 2023-இல் திறந்த அவர்களுடைய கோயிலுக்குப் போய், சாவுக்குப் பிறகும் நிலைக்கும்படி கல்யாணம் முத்திரித்துக்கொண்டாள். சூரிய ராஜ்யத்துக்குள்ளேயே மூன்று படி, உச்சிப் படிக்கு அந்த முத்திரிப்பு வேண்டும் என்பது அவர்கள் போதனை. சபை அனுமதிச் சீட்டு இல்லாததால் தோழி வெளியே இருந்தாள். மகள் வந்ததும் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டு, "மேலயும் அம்மாவ வெளியில நிக்க வெச்சிடாத" என்றாள். மகள் அழுதுவிட்டாள். "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்று இயேசுவே சொன்ன பிறகு எதற்கு இந்தப் படியெல்லாம்?

பிரிக்ஃபீல்ட்ஸ் அங்கிள்
எனக்கும் எல்.ஆர்.டி ரயிலில் ஒரு எல்டரோடு பேச்சு நடந்தது. மரியாதையான பிள்ளை, அவ்வளவுதான்.

மகளே, இப்படிச் செய்யுங்கள். அந்தப் பில்லைக் கிழித்துப் போடுங்கள். அம்மாவுக்கு லூக்கா 23-ஐச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை அவனுக்குக் கிடைத்தது. பரதீசு என்றால் காத்திருக்கும் ஆவி உலகம்தான் என்று அவர்கள் சொல்வார்கள், விடாதீர்கள். அவர்களுடைய வேதநூலான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 76-ஆம் பகுதியை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். நட்சத்திர ராஜ்யத்தார் பிதாவும் கிறிஸ்துவும் இருக்கிற இடத்துக்கு என்றைக்குமே வர முடியாது என்று அதிலேயே இருக்கிறது. பாஸ்டரைக் கூப்பிட்டு வீட்டில் ஜெபக்கூட்டம் வையுங்கள். அந்தப் பையன்களை இனி உள்ளே விடாதீர்கள்.

செந்தூல் மகள்
அங்கிள், கிழிக்க மாட்டேன், அது அம்மாவுடையது. லூக்கா 23-ஐ மட்டும் வாசிக்கிறேன். பாஸ்டரை இப்போதைக்குக் கூப்பிடப்போவதில்லை. கத்தோலிக்க அண்ணா சொன்னதை அந்தப் பையனிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அம்மா அவர்களைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்.