வட ஆர்க்காடு மேனுவலும் பம்புசெட்டும்: நூற்பட்டியல் கூத்துக்கு யார் பொறுப்பு?

பாலாற்றங்கரை:
ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்ட மேனுவலின், அதாவது மாவட்ட விவரங்களைச் சொல்லும் நூலின், மறுபதிப்பை ஓர் இணையக் கடையில் தேடினேன். எங்கே இருந்தது தெரியுமா? மிக்ஸி, பம்புசெட் கையேடுகளுக்கு நடுவே. வெளியான ஆண்டு 2015. கூடவே ஸ்பேனர் செட்டும் வாங்கலாமாம். சிரித்து முடித்ததும் எரிச்சல்தான் வந்தது. பட்டியலை இயந்திரத்திடம் விட்டால் இதுதான் கதி.

காட்பாடி ஜங்ஷன்:
இயந்திரத்தைச் சும்மா திட்டாதீர்கள் அண்ணா. கொடுத்ததைத்தான் அது காட்டும். கூகுள் புக்ஸில் ஏகப்பட்ட நூல்கள் 1899இல் வந்ததாகக் காட்டியதே, ஏன்? பிரேசிலிலிருந்து தரவு அனுப்பியவர்கள் ஆண்டு தெரியாத இடத்தில் 1899 என்று போட்டதால்தான் என்று கூகுள்காரர்களே சொன்னார்கள். அப்புறம், தலைப்பைத் தட்டினால் நூல் வந்துவிடுகிறதே, எந்தத் தட்டில் இருந்தால் என்ன?

பாலாற்றங்கரை:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள் தம்பி. 2009இல் இதைப் போட்டு உடைத்தவர் மொழியியலாளர் ஜெஃப்ரி நன்பெர்க். 'மோபி டிக்' பதிப்பு ஒன்று கணினிப் பிரிவில் கிடந்தது. இணைய உலாவி வழிகாட்டி ஒன்றுக்கு ஆசிரியர் சிக்மண்ட் ஃபிராய்டு! அவர் 1939இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 'கணினி' மாதிரியான அந்தப் பிரிவுகளோ புத்தகக் கடைக்காரர்களுக்காக அண்மையில் வந்தவை. பழைய நூலுக்கு எந்த நூலகம் அந்தப் பிரிவைப் போட்டிருக்கும் என்று நன்பெர்க் கேட்டார்.

தலைப்பு தெரிந்தவனுக்கு நூல் கிடைக்கும், சரி. 'வேலூர் வரலாறு' என்று தேடுகிற கல்லூரிப் பிள்ளைக்கு?

அட்டைப்பெட்டி:
நூலகத்தில் பட்டியல் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், மனிதர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) திருப்பத்தூரில் பிறந்தவர், நம்மூர்க்காரர். ஒரு நூலகக் கணினியில் அவர் 'வரதராசன், மு.', 'வரதராஜன், எம்.', 'டாக்டர் மு.வ.' என்று மூன்று ஆளாக உட்கார்ந்திருந்தார். 'அகல் விளக்கு' ஒருவரிடம், 'கரித்துண்டு' இன்னொருவரிடம். கணினிக்கு முன்பு, நூலுக்கு ஓர் அட்டை எழுதிப் பட்டியல் போட்ட காலத்தில், இழுப்பறைக்குள் 'காண்க' என்று ஓர் அட்டை செருகி, தேடுபவரைச் சரியான பெயருக்கு அனுப்பிவிடுவோம். கணினிக்கு ஏற்றிய பையன்கள், இது புத்தகமே இல்லையே என்று அந்த அட்டைகளை எல்லாம் ஓரமாகக் கட்டி வைத்துவிட்டார்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
ஐயாவே சொல்லிவிட்டார், ஆள் தப்புதான்!

பாலாற்றங்கரை:
ஆள் தப்பு ஓர் ஊரோடு நிற்கும். 2011இல் அமேசானில் பழ ஈயின் வளர்ச்சி பற்றிய ஒரு நூலை இரண்டு கடைகள் விற்றன. ஒன்றின் விலை வைக்கும் கணினி நிரல் எதிராளி விலையைப் போல் 1.27 மடங்கு வைத்தது. மற்றது முந்தையதைவிடத் துளி குறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஏற்றி ஏற்றி, விலை 2,36,98,655 டாலருக்குப் போனது. நடுவில் ஒரு மனிதர் எட்டிப் பார்த்திருந்தால் நடக்குமா?

காட்பாடி ஜங்ஷன்:
அது வியாபாரக் கணக்கு. பட்டியல் பிழையோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? நூலகரா விலை வைக்கிறார்?

அட்டைப்பெட்டி:
விலை எங்கள் வேலை இல்லைதான். ஆனால் நூலுக்கு நூல் தனியாக இருக்க வேண்டிய ஐஎஸ்பிஎன் அடையாள எண்ணை, ஒரே எண்ணாக இரண்டு நூலுக்குப் போடுகிற பதிப்பாளர்களைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லையே! அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து கச்சேரி வைக்கிறேன்.