பொருள்: மறுமொழி: ‘ரிஸ்க் ஃபேக்டர்’ – காரணியா, கூறா?

> கொரியக் கிராமத்தவரின் உளநிலை பற்றி எழுதுகிறேன். ‘டிப்ரெசிவ் சிம்ப்டம்ஸ்’ – மன அழுத்தம், ‘ரிஸ்க் ஃபேக்டர்’ – ஆபத்துக் காரணி. சரிதானே?

வணக்கம் ஐயா.

மன அழுத்தம் வேண்டாம். ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கும் அதையே போட்டுப் பத்திரிகைகள் குழப்பிவிட்டன. மனச்சோர்வு என்றே எழுதுங்கள். ஆனால் ‘மனச்சோர்வு நோய்’ என்று நீட்டிவிடக் கூடாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் மருத்துவர் யாரையும் பார்த்து நோய் என்று சொல்வதில்லை, வினாத்தாள்தான். பரவலாகப் புழங்கும் ஒன்றில் 20 கேள்விகள்: போன வாரம் பசித்ததா, தூங்கினீர்களா, அழுகை வந்ததா, இப்படி. மொத்தம் 60 மதிப்பெண். 16 எடுத்தாலே கவனிக்க வேண்டியவர் என்பது வழக்கம். கொரியாவில் 21 என்று வைப்பவர்களும் உண்டு. இந்த எல்லைக்கோட்டை நகர்த்தினால் ஆள்கணக்கு மாறிவிடும். அதனால் ‘மனச்சோர்வு அறிகுறிகள்’. (சித்த மருத்துவத்தின் ‘குறிகுணம்’ எனக்குப் பிடிக்கும். இங்கே வற்புறுத்த மாட்டேன்.)

வில்லங்கம் இரண்டாவது சொல்லில்தான். கொரியக் கிராமங்களில் இளையவர்கள் சியோல் பக்கம் போய்விட, ஊரில் மிஞ்சியவர்கள் முதியவர்கள், அதிலும் தனித்து வாழும் பெண்கள் நிறைய. தனிமை, வறுமை, நாள்பட்ட நோய், குறைந்த படிப்பு எல்லாம் சோர்வோடு சேர்ந்தே தென்படுகின்றன. ஆனால் ஒரே தடவை எடுத்த கணக்கெடுப்பில் எது முந்தி, எது பிந்தி? மூட்டுவலியால் ஊர் முதியோர் மன்றத்துக்குப் போகாமல் சோர்ந்தாரா, சோர்ந்ததால் போகவில்லையா? ‘காரணி’ என்று எழுதினால் வாசகர் காரணம் என்றே படிப்பார். ‘இடர்க்கூறு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று. பராகுவாட் களைக்கொல்லியின் விற்பனையை 2012-இல் கொரியா நிறுத்திய பிறகு தற்கொலைச் சாவுகள் குறைந்தன. கொட்டகையில் கிடந்த அந்த நச்சுப் புட்டி யாரையும் சோர்வடையச் செய்யவில்லை. கை எட்டும் தூரத்தில் இருந்து சாவின் இடரைக் கூட்டியது. அதைக் காரணி என்பது பொருந்துமா?

---

> இடர்க்கூறு

பாடநூல்களில் ‘காரணி’ ஊறிப்போய்விட்டதே அம்மா. கணக்கிலும் அதே சொல்தான். மாற்றினால் மாணவர்கள் திணறுவார்கள். அப்புறம், ‘ப்ரொடெக்டிவ் ஃபேக்டர்’ வந்தால் என்ன செய்வீர்கள்?

---

கணக்கில் காரணி இருக்கட்டும் ஐயா, அங்கே அது யாரையும் ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதற்குக் ‘காப்புக்கூறு’. முதியோர் மன்றத்தில் கூடி மதியம் சாப்பிடுகிறார்களே, அதை அந்தத் தலைப்பில் போடலாம். இரண்டும் ஜோடியாக நிற்கின்றன. கட்டுரையில் முதல் தடவை மட்டும் ‘இடர்க்கூறு (இடர்க்காரணி)’ என்று கொடுத்துவிட்டால் மாணவர்களும் பிடித்துக்கொள்வார்கள்.